ஹெட்செட் மைக்கில் குரல் எழும்பவே இல்லை, ஆம்ப்ளிஃபையர் போர்டு வாங்கலாமா?

கேள்வி, 3 ஜூன் 2024

சார், பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், குரல் ஓங்கித்தான் இருக்கும். ஆனால் லேப்டாப்பில் ஹெட்செட்டைச் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தால் அலை எழும்பாமல் வெறும் கோடாகவே ஓடுகிறது. அப்புறம் அதிலேயே சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபை போட்டால் குரல் வருகிறது, கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் வந்துவிடுகிறது. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். எந்த போர்டு வாங்கட்டும்?

3 ஜூன், இரவு

போர்டு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் டீச்சர். முதலில் ஒரே ஒரு சோதனை. பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல், ஹெட்செட்டின் மைக் நுனியை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப் திரையின் மேல் விளிம்பையும் கீபோர்டின் ஓரத்தையும் அதே மாதிரி சுரண்டுங்கள். எங்கே சுரண்டும்போது மீட்டர் துள்ளுகிறதோ, அந்த மைக்தான் உங்கள் குரலைப் பதிந்துகொண்டிருக்கிறது.

ஹெட்செட்டின் வயர் முனையில் இருப்பது ஒரு பின்னா, இரண்டு பின்னா? அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

4 ஜூன்

"திரையின் மேல் விளிம்பைச் சுரண்டினால் துள்ளுகிறது. ஹெட்செட்டைச் சுரண்டினால் அசையவே இல்லை. பின் இரண்டு இருக்கிறது, ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். லேப்டாப்பில் ஓட்டை ஒன்றுதான். மைக் படம் போட்டிருந்த ரோஸைச் செருகினேன்" என்று எழுதியிருக்கிறார்.

இத்தனை நாள் பதிவானது லேப்டாப்பின் உள் மைக். வாயிலிருந்து ஒரு முழத்துக்கும் மேல் தள்ளி, உள்ளே விசிறி சுற்றும் லேப்டாப்பிலேயே இருக்கிற மைக். அதனால்தான் குரல் எட்டவில்லை, இரைச்சல் மட்டும் எட்டியது.

லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஓட்டை, போன் ஹெட்செட்டுக்கான நாலு தொடுபுள்ளி ஓட்டை. பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத்தில் கறுப்பு வளையங்கள் ஓடும். மூன்று வளையம் இருந்தால் நாலு தொடுபுள்ளி: நுனியில் இடது காது, அடுத்து வலது காது, அடுத்து கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு கம்பி), கடைசியில் வயருக்குப் பக்கத்தில் மைக். உங்கள் ரோஸ் பின்னில் இரண்டு வளையம்தான் இருக்கும், அதில் மைக் சிக்னல் நுனியில் வருகிறது. லேப்டாப் அதைக் காதுக்கான கம்பி என்று எடுத்துக்கொண்டு உள் மைக்கிலேயே இருந்துவிடுகிறது.

தேவை, இரண்டு பின்னையும் வாங்கி ஒரே நாலு தொடுபுள்ளிப் பின்னாக மாற்றும் ஒய் வடிவ வயர். அதன் விலை போர்டைவிடக் குறைவு.

4 ஜூன், கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கடையில் 'ஸ்ப்ளிட்டர்' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான வயரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும். அதன் பின்னில் இரண்டு வளையம்தான் இருக்கும், நமக்கு அது உதவாது. மூன்று வளையம் இருக்கிறதா, இரண்டு ஓட்டைகளில் ஒன்றுக்கு மைக் படமும் மற்றதற்கு ஹெட்போன் படமும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நேர்மாறான வயரும் உண்டு. அது போன் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பின் பச்சை, ரோஸ் ஓட்டைகளில் மாட்டுவதற்கானது.

பழைய போன் ஹெட்செட்டுகள் சிலவற்றில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்டதை இன்றைய லேப்டாப்பில் போட்டால் மைக் சரியாக எடுக்காது. டீச்சரிடம் இருப்பது அதுவல்ல, வேறு யாராவது படித்தால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

7 ஜூன்

வயர் வந்துவிட்டது, நகச் சோதனையில் ஹெட்செட் துள்ளுகிறது. சாம்பிள் அனுப்பியிருக்கிறார். குரலுக்கு உடம்பு வந்துவிட்டது. ஆனாலும் உச்சம் −24 டெசிபலைத் தாண்டவில்லை (மீட்டரில் 0தான் மேல் எல்லை, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சத்தம் குறைவு). இப்போதுதான் 'சிக்னலைக் கூட்டுவது' என்ற பேச்சுக்கே இடம் வருகிறது.

கூட்டுவதற்கு முன், அங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஹெட்செட்டுக்குள் இருப்பது எலெக்ட்ரெட் கேப்சூல் என்ற குட்டி மைக், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கியது. டெஃப்ளான் படலத்துக்குள் மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைத்தார்கள். அது வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். படலம் அதிரும்போது வரும் சிக்னல் மிக மெலிது. அதைக் கம்பியில் அனுப்பும் அளவுக்குத் திடப்படுத்த கேப்சூலுக்குள்ளேயே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆக, ஆம்ப்ளிஃபையர் வேலையின் முதல் படி ஏற்கெனவே மைக்குக்குள் நடக்கிறது. அந்த டிரான்சிஸ்டருக்குச் சாப்பாடு, லேப்டாப் மைக் ஓட்டையிலேயே வைத்திருக்கும் சில வோல்ட். வயரில் சிக்னல் ஒரு பக்கம் போக, கரண்ட் எதிர்ப்பக்கம் வருகிறது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். மைக் மாட்டாதபோது அந்த ஓட்டையில் 2, 3 வோல்ட் போல இருக்கும். மைக்கை மாட்டினால் அது கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. சுத்தமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஷார்ட்.

சரி, எவ்வளவு சிக்னல் வரும்? உணர்திறன் −40 டெசிபல் என்று போட்ட கேப்சூல், 94 டெசிபல் சத்தத்துக்கு 10 மில்லிவோல்ட் தரும். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டரில் 60 டெசிபல். தூரம் பாதியானால் 6 டெசிபல் ஏறும் என்று கணக்குப் போட்டால், 5 சென்டிமீட்டரில் சுமார் 86. கையில் கிடைப்பது 4 மில்லிவோல்ட். டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் போன்றவற்றின் லைன் சிக்னல் 300 மில்லிவோல்ட் சொச்சம். ஏறக்குறைய 80 மடங்கு வித்தியாசம். இதை யாரோ ஒருவர் பெருக்கியாக வேண்டும். யார், எந்த இடத்தில் பெருக்குகிறார் என்பதுதான் எல்லாமே.

7 ஜூன், இரவு

ஆடாசிட்டி ஆம்ப்ளிஃபை ஏன் இரைச்சலைக் கூட்டுகிறது என்ற டீச்சரின் ஆதங்கத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் குரலை எண்களாக மாற்றி முடித்த பிறகு பெருக்கினால், குரலும் அதுவரை சேர்ந்த இரைச்சலும் ஒரே அளவில் பெருகும். பதரோடு சேர்த்து அளந்தால் மரக்கால் நிறையும், நெல் கூடாது. எண்ணாக மாறுவதற்கு முன்னால், மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் பெருக்கினால்தான், பின்னால் வரும் சர்க்யூட்டின் இரைச்சலுக்கு மேலே குரல் நிற்கும்.

அந்த இடம் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது க்ளிக், சவுண்ட் செட்டிங்ஸ். அதில் விண்டோஸ் 11 என்றால் மோர் சவுண்ட் செட்டிங்ஸ், 10 என்றால் சவுண்ட் கன்ட்ரோல் பேனல். ரெக்கார்டிங் தாவலில் ஹெட்செட் மைக்கை இரட்டை க்ளிக் செய்து லெவல்ஸ் போங்கள். இரண்டு இழுப்பான்கள் இருக்கும். மேலே இருப்பது சாதாரண அளவு. கீழே மைக்ரோபோன் பூஸ்ட்: 0, 10, 20, 30 டெசிபல் என்று படிப்படியாக ஏறும். பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்த பூஸ்ட், எண்ணாக மாறுவதற்கு முன் சிப்புக்குள் இருக்கும் நிஜமான ஆம்ப்ளிஃபையர். 20 என்றால் பத்து மடங்கு, 30 என்றால் முப்பது மடங்குக்கும் மேல். கடைக்காரர் சொன்ன போர்டு உங்கள் மேஜை மேலேயே இருக்கிறது.

20 வையுங்கள். மேல் இழுப்பானை, சத்தமாக வாசிக்கும் வரியில் உச்சம் −6க்கும் −12க்கும் நடுவில் வரும்படி சரிசெய்யுங்கள். எண்ணின் மேல் வலது க்ளிக் செய்தால் சதவீதத்துக்குப் பதிலாக டெசிபலில் காட்டும், அதில் வேலை செய்வது எளிது.

11 ஜூன்

லினக்ஸில் இந்த பூஸ்ட் எங்கே என்று இன்னொருவர் கேட்கிறார். டெர்மினலில் அல்சாமிக்சர், எஃப்6 அடித்து சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அடித்தால் பதிவுப் பக்கம். அங்கே மைக் பூஸ்ட் தனிக் கம்பமாக நிற்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பூஸ்ட் தெரியவே இல்லை என்பவருக்கு: தெரியாது. குரலைப் பெருக்கி எண்ணாக்கும் வேலை ஹெட்செட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மேலும் மைக் ஓடத் தொடங்கிய உடனே ப்ளூடூத் பொதுவாக டெலிபோன் முறைக்கு மாறிவிடும், வினாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் குரலை அளந்து எண்ணாக்கும். 'ஸ', 'ஷ', 'ச' எல்லாம் மழுங்கும். மணிக்கணக்கில் கேட்கப்போகும் பாடத்துக்கு வயர் போட்ட 300 ரூபாய் ஹெட்செட் இதைவிட எவ்வளவோ மேல்.

15 ஜூன்

டீச்சரின் புது சாம்பிளை ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன். அளவு சரி. ஆனால் வாக்கியங்களுக்கு நடுவே அறை இரைச்சல் உள்ளே வந்து வந்து போகிறது. 7ஆம் தேதி 20 வைக்கச் சொன்னேன் இல்லையா? அதை 10க்கு இறக்கிவிட்டு, மிச்சத்தை மைக்கை வாய்க்கு நெருக்கி ஈடுகட்டலாம் என்று தோன்றுகிறது. மைக் இப்போது தாடைக்குக் கீழே தொங்குகிறது, ஹெட்போனில் கேட்டாலே தெரிகிறது. அதன் கம்பியை வளைத்து, உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, கன்னத்துப் பக்கமாக வையுங்கள். வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். 'பகல்', 'பாடம்', 'புத்தகம்' என்று வாசிக்கும்போது ப விடும் காற்று நேராக மோதி 'டப்' என்று அறையும். தூரம் பாதியாகக் குறைந்தால் 6 டெசிபல் ஏறுகிறது. துளி இரைச்சல் கூடாமல் குரல் மட்டும் இரட்டிப்பாகும் எளிய வழி இதுதான்.

மைக் மொட்டில் ஓட்டை எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். சிலவற்றில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், பின்பக்க ஓட்டை அறைச் சத்தத்தை வெட்டுவதற்காக. முன்பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும். கம்பி முறுக்கிக்கொண்டு பின்பக்கம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் குரல் சன்னமாகிவிடும்.

சீலிங் ஃபேனை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஜூன் மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை. நான் காலை ஐந்து மணிக்குப் பதிவை முடித்துக்கொள்கிறேன். தெருவும் அடங்கியிருக்கும், அறையும் குளிர்ந்திருக்கும். ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஃபேனைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தது.

16 ஜூன்

"நடுநடுவே குரல் தானாக ஏறி இறங்குகிறது, நான் ஒன்றையும் தொடவில்லை" என்கிறார். தானியங்கி அளவு எங்கோ ஓடுகிறது. நாம் பேசாத நேரத்தில் 'ஆள் மெதுவாகப் பேசுகிறார்' என்று நினைத்து அது பெருக்கத்தைக் கூட்டும், அறை இரைச்சல் எழும்பும். பேசத் தொடங்கியதும் சட்டென்று அமுக்கும். மைக் ப்ராப்பர்ட்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருந்தால் முழுக்க அணைத்துவிடுங்கள். ஜூம் இருக்கிறதா? அதன் ஆடியோ செட்டிங்ஸில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் டிக் இருக்கும், அதையும் எடுங்கள். பதிவின்போது ஜூமைத் திறந்தே வைக்காதீர்கள்.

22 ஜூன்

ஜூம்தான். சரியாகிவிட்டது. இப்போது புதிதாக ஒரு 'ம்ம்ம்'. அடியில் தாழ்ந்த குரலில் தொடர்ந்து ஓடுகிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரத்தை ஆடாசிட்டியில் போட்டுப் பார்த்தேன். 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரிசையாக முள் நிற்கிறது. நம்முடைய வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பதிந்து பாருங்கள்.

என் பழைய லேப்டாப்பிலும் இதே கதைதான். மைக் வயரை விரலால் தொட்டால் ஹம் குறையும், விட்டால் ஏறும். மூன்று பின் சார்ஜரை எர்த் இல்லாத இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தேன். சுவரில் எர்த் உள்ள பாயின்ட்டில் நேரே போட்டதும் பெரும்பகுதி போனது. பேட்டரியில் ஓட்டியபோது மிச்சமும் போனது. பூஸ்ட் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு இந்த ஹம்மும் ஏறும். 10 போதும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெஸ்க்டாப்பில் பதிபவர்கள் முன்பக்க ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்க ரோஸ் ஓட்டையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் வயர், கேபினெட்டுக்குள் மின்விசிறிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பக்கத்திலேயே ஓடுகிறது. மவுஸை நகர்த்தும்போது 'கிர்ர்' என்று கேட்டால் அதுதான்.

30 ஜூன்

கடைக்காரர் விடவில்லை போலிருக்கிறது. மாக்ஸ்4466 என்ற மைக் ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்றை டீச்சரின் பேரனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். "இதை எங்கே மாட்ட?" என்று படம் போட்டிருக்கிறார்.

நல்ல போர்டுதான். பெருக்கம் 25 மடங்கிலிருந்து 125 மடங்கு வரை, பின்னால் இருக்கும் குட்டித் திருகால் மாற்றலாம். ஆனால் அதன் மேலேயே ஒரு கேப்சூல் ஒட்டியிருக்கிறது. ஹெட்செட் மைக்கை இணைக்க வேண்டுமானால் அதைச் சால்டர் எடுத்துவிட்டு வயர் கொடுக்க வேண்டும். 2.4 முதல் 5.5 வோல்ட் வரை தனியாகக் கரண்ட் தர வேண்டும். யூஎஸ்பியிலிருந்து எடுத்தால் லேப்டாப்பின் கிர்ரும் சேர்ந்து வரும். இரண்டு பென்டார்ச் செல் போட்டால் சுத்தமாக இருக்கும். அதன் வெளியீடு செல் வோல்ட்டில் பாதியில் நிற்கும், லேப்டாப் ஓட்டையும் தன் பங்குக்கு வோல்ட் தரும். நடுவில் அந்த நிலையான வோல்ட்டைத் தடுக்கும் ஒரு கெப்பாசிட்டர் இல்லாமல் நேரே இணைக்கக்கூடாது. இதெல்லாம் செய்து முடித்தாலும், ஏற்கெனவே பெருகிவந்த சிக்னலை மைக் ஓட்டையில் போட்டால் அது தாங்காமல் உச்சம் நறுக்கென்று வெட்டுப்படும். நீல நிற லைன் இன் ஓட்டை வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அது இல்லை.

பேரனுக்கு எலெக்ட்ரானிக்ஸில் ஆசை இருந்தால் அவனே வைத்துக்கொள்ளட்டும், பிசி547 டிரான்சிஸ்டரோடு சேர்த்து விளையாட நல்ல பொருள். உங்கள் பதிவுக்கு இது வேண்டாம். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் கட்டைவிரல் அளவு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். பச்சை, ரோஸ் ஓட்டைகள் தனித்தனியாக இருக்கும், ஒய் வயரே தேவைப்படாது. லேப்டாப்பின் உள் சர்க்யூட்டில் இரைச்சல் அதிகமென்றால் இது அதைத் தாண்டி வெளியே நின்று வேலை செய்யும். மலிவானவற்றில் தரம் முன்னேபின்னே இருக்கும், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள்.

ஸ்டுடியோ மிக்சரின் மூன்று முனை ஓட்டையில் வரும் 48 வோல்ட்டை ஹெட்செட்டுக்கு நேரே கொடுக்காதீர்கள். அதை 3, 5 வோல்ட்டாக இறக்கித் தரும் அடாப்டர் தனியாக உண்டு.

5 ஜூலை

பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். கேட்பவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பதிந்த பாடங்களைக் கேட்கும் ஒரு மாணவி, வரலாற்றுப் பாடத்தில் சில இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். எந்த இடங்கள் என்று கேட்டு அந்தப் பகுதிகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே வாக்கியத்தின் கடைசிச் சொல். மூச்சு தீரும்போது குரல் இறங்குகிறது, தமிழில் வினைச்சொல்லோ அந்தக் கடைசியில்தான் வருகிறது. 'ஏற்றுக்கொண்டார்' என்பதும் 'ஏற்றுக்கொள்ளவில்லை' என்பதும் பிரிவது அங்கேதான். வாக்கியம் முழுக்கக் கணீரென்று இருந்து, அந்த 'இல்லை' மட்டும் அறை இரைச்சலுக்குள் போய்விட்டால் மாணவி பரீட்சையில் நேர் எதிராக எழுதிவிட்டு வருவார். மீட்டரில் உச்சம் அழகாக −6 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

அதனால் உச்சத்தோடு நிற்காமல் வாக்கிய முடிவையும் பாருங்கள். முடிவுச் சொல்லின் அலைக்கும் அடுத்த இடைவெளியின் வெறுமைக்கும் நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். நீளமான வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுத்து வாசிக்கலாம். ஆடாசிட்டியில் ஓங்கிய சொல்லுக்கும் தாழ்ந்த சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை 2க்கு 1 என்ற விகிதத்தில் மெல்லப் போட்டால் தாழ்ந்த சொற்கள் கொஞ்சம் மேலே வரும். ஆனால் அது இரைச்சலையும் மேலே கொண்டுவரும், இரைச்சல் ஏற்கெனவே அடங்கியிருந்தால்தான் போட வேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுவதாக இருந்தால் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். தொடக்கத்தில் பேசாமல் விட்ட சில வினாடிகளை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபல் அளவுக்குக் குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் சொற்களின் ஓரம் கரைந்து, தண்ணீருக்கு அடியில் பேசுவதாகக் கேட்கும். ழகரமும் ளகரமும்தான் முதலில் குழம்பும்.

12 ஜூலை

டீச்சர் முழு அத்தியாயம் ஒன்று அனுப்பியிருக்கிறார். பூஸ்ட் 10, பேட்டரியில் ஓட்டியது, மைக் கன்னத்து ஓரம். உச்சம் −7, பேசாத இடத்தில் −60க்கும் கீழே. ஆடியோ புத்தக நிறுவனங்கள் அமைதிக்குக் கேட்கும் அளவே அந்த −60தான். முதல் சாம்பிளையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஹெட்செட் அதேதான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு அத்தனை சந்தோஷம்.

கோப்பு பெரிதாக இருக்கிறது, போனில் ஏற்ற முடியவில்லை என்று மாணவர்கள் சொல்கிறார்களாம். வேவ் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், மோனோவிலேயே ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்கு மேல் வரும். அவர்களுக்கு மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ் போதும், ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் முடியும். ஸ்டீரியோ வேண்டவே வேண்டாம், ஒரு மைக்கில் வந்த ஒரே குரல்தான் இரண்டு காதுக்கும்.

மைக் மேலிருக்கும் பஞ்சு மூடியை வாரம் ஒருமுறை கழற்றி அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரம் கேப்சூலுக்கு ஆகாது. பஞ்சு இல்லாமல் பதியவும் வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் அத்தியாயத்தின் பெயரையும், புத்தகத்தில் பக்கம் மாறும் இடத்தில் பக்க எண்ணையும் சொல்லிவிடுங்கள், வகுப்பில் ஆசிரியர் பக்கம் சொல்லும்போது அவர்களுக்குத் தேடப் பிடி கிடைக்கும்.